பத்தாவது மாடிக்கு ஏறும் ஆறு

பினாங்கு ஒரு தீவு. எந்தத் திசையில் போனாலும் கடைசியில் கடல்தான். அந்தத் தீவின் வடகிழக்கு மூலையில், அலை வந்து மோதும் கரையிலேயே ஜார்ஜ்டவுன் நிற்கிறது. ஆனாலும் நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீரா வருகிறது? இல்லை. தீவில் மலை ஓடைகள் இருக்கின்றன, சிற்றாறுகள் இருக்கின்றன. இத்தனை லட்சம் பேருக்கும் போதுமான பெரிய ஆறு மட்டும் இல்லை. அப்படியென்றால், இன்று காலை நீங்கள் பல் துலக்கியபோது கையில் விழுந்த தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும்?

பெரும்பாலும் கெடா மாநிலத்துக் காட்டிலிருந்து! அது மலையிலிருந்து இறங்கி, ஆறாக ஓடி, கடலுக்கு அடியில் போட்ட குழாய்க்குள் புகுந்து, தீவில் கரையேறி, அடுக்குமாடிகளின் உச்சிக்கும் ஏறி வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரோடு நாமும் ஒரு பயணம் போய்வருவோம். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது வழியில் தானாகவே தெரிந்துவிடும்.

காடு என்னும் முதல் அணை

கெடாவின் கிழக்குப் பக்கம், தாய்லாந்து எல்லையை ஒட்டி, உலு மூடா என்ற மழைக்காடு இருக்கிறது. ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் பரந்த காடு. யானைகளும் இருவாச்சிப் பறவைகளும் வாழும் இடம்.

இந்தக் காட்டில் மழை பெய்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. முதலில் உயரமான மரங்களின் இலைகள் அதைத் தாங்குகின்றன. பிறகு கீழே உள்ள செடிகள், அதற்கும் கீழே உதிர்ந்து கிடக்கும் சருகுகள். வேகம் குறைந்து இறங்கும் நீரை வேர்களுக்கு இடையே உள்ள பொலபொலப்பான மண் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மழை நின்று பல நாள் ஆன பிறகும் அந்த மண்ணிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓடைகளுக்கு வருகிறது. மழை இல்லாத மாதத்திலும் ஆறு ஓடுவதன் ரகசியம் இதுதான். மரங்களை வெட்டிவிட்டால் அதே மழை மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். அன்று வெள்ளம், அடுத்த மாதம் வறட்சி!

இந்தக் காட்டு ஓடைகள் சேர்ந்ததுதான் மூடா ஆறு. சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக நின்று, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. பினாங்கு எடுக்கும் ஆற்று நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்த ஓர் ஆற்றிலிருந்தே வருகிறது. மேற்புறத்தில் கெடாவின் வயல்களும் இதே நீரை நம்பி இருக்கின்றன. ஆக, நம் குழாய்க்கு வருமுன்பே இது பங்கு போட்ட தண்ணீர். காட்டைப் பாதுகாக்க ஆகும் செலவை யார் ஏற்பது, அதில் பினாங்கு எவ்வளவு தர வேண்டும் என்று இரண்டு மாநிலங்களும் பல ஆண்டுகளாகப் பேசிவருகின்றன.

கடலைத் தாண்டும் ஆறு

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு சிக்கல் உண்டு. கடல் பொங்கும் நேரத்தில் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறிவரும். அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. தடுப்பணைக்கு மேற்புறம், லாஹார் தியாங் என்ற இடத்தில், பெரிய பம்புகள் நன்னீரை இறைக்கின்றன. அந்த நீர் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பினாங்கின் மிகப் பெரிய நிலையம் அதுதான். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பில்லியன் லிட்டர் தண்ணீரை அது தூய்மையாக்குகிறது.

அங்கிருந்து ஒரு பகுதி பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் உள்ள வீடுகளுக்குப் போகிறது. இன்னொரு பகுதி கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கு வருகிறது. நீங்கள் ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குப் போகும்போது அந்தக் கடலின் அடியில் வேறொரு பயணி எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கிறார். உங்கள் நாளைய குளியல் தண்ணீர்!

வறட்சி வந்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் அணைகள். தீவில் ஆயர் ஈத்தாம் அணையும் தெலுக் பகாங் அணையும் உள்ளன. பெருநிலத்தில் 1985-இல் கட்டப்பட்டு, பின்னர் விரிவாக்கப்பட்ட மெங்குவாங் அணைதான் மாநிலத்திலேயே பெரியது. ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடும் காலத்தில் அங்கே ஏற்றிச் சேமிக்கிறார்கள்.

கலங்கல் எப்படித் தெளிகிறது?

ஆற்று நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தால் தேநீர் நிறத்தில் இருக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் மணல் அடியில் படியும். ஆனால் மங்கல் மட்டும் மறுநாளும் போகாது. ஏன்?

அந்த மங்கலுக்குக் காரணம் மிக நுண்ணிய களிமண் துகள்கள். ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. ஒரே வகை மின்னேற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் துகள்கள் ஒன்று சேர முடியாமல், கீழே இறங்குமளவுக்குக் கனமாகவும் ஆக முடியாமல், நீரில் மிதந்துகொண்டே இருக்கின்றன.

சுத்திகரிப்பு நிலையத்தில் இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கப் படிகாரம் போன்ற ஓர் அலுமினிய உப்பைக் கலக்கிறார்கள். அதிலிருந்து வரும் நேர் மின்னேற்றம் களிமண்ணின் எதிர் மின்னேற்றத்தைச் சமன் செய்கிறது. இனி துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஒட்டிக்கொண்டு பஞ்சுபோன்ற திரள்களாகின்றன. கனம் கூடியதும் அடியில் படிகின்றன. மேலே உள்ள தெளிந்த நீரை மணல் அடுக்குகள் வழியாக வடிகட்டுகிறார்கள்.

நம் முன்னோர் இதை வேறு விதமாகச் செய்தார்கள். தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பார்கள். நீர் தெளிந்துவிடும். முருங்கை விதைக்கும் அந்தத் திறமை உண்டு. அதில் உள்ள ஒரு புரதம் நேர் மின்னேற்றம் கொண்டது. படிகாரம் செய்யும் அதே வேலையை அது செய்கிறது.

செய்து பாருங்கள்

வேண்டியவை: ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகள், தோட்டத்து மண், முற்றிக் காய்ந்த முருங்கை விதைகள் மூன்று.

1. ஒரு வாளி நீரில் மண்ணைக் கரைத்து, பெரிய கற்கள் அடியில் தங்கியதும், மேலே உள்ள கலங்கல் நீரை இரண்டு புட்டிகளிலும் அரை லிட்டர் வீதம் ஊற்றுங்கள்.

2. முருங்கை விதைகளின் ஓட்டை உரித்து, உள்ளே உள்ள வெள்ளைப் பருப்பை இடித்துப் பொடியாக்கி, கொஞ்சம் நீரில் குழைத்து, ஒரு புட்டியில் மட்டும் சேருங்கள்.

3. ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். மற்றப் புட்டியையும் அதேபோல் கலக்குங்கள். இரண்டுக்கும் விதையைத் தவிர வேறு வேறுபாடு இருக்கக் கூடாது. அப்போதுதான் சோதனை நியாயமானது.

4. ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். புட்டிகளுக்குப் பின்னால் ஒரு புத்தகத்தைப் பிடித்துப் பாருங்கள். எந்தப் புட்டி வழியாக எழுத்து தெரிகிறது?

ஒரு முக்கிய எச்சரிக்கை: தெளிந்து வந்தாலும் அந்த நீரைக் குடிக்காதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

தெளிந்த நீர், தூய நீர்: இரண்டும் ஒன்றா?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பாகமாக்கினால் அதில் ஒரு பாகம்தான் பல பாக்டீரியாக்களின் அளவு. கண்ணுக்குப் பளிங்குபோல் தெரியும் நீரில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கலாம். இது தெரியாத காலத்தில் காலரா நோய் ஊர் ஊராகப் பரவியது. கெட்ட காற்றுதான் காரணம் என்று மருத்துவர்களே நம்பினார்கள்.

1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு வட்டாரத்தில் காலராவால் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பெரும்பாலான வீடுகள் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்தன. அவர் சொன்னதைக் கேட்டு அதிகாரிகள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நோய் தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதற்கு அது ஒரு பெரிய சான்றாக அமைந்தது.

இப்போது வடிகட்டிய நீரில் குளோரின் சேர்க்கிறார்கள். அது கிருமிகளைக் கொல்கிறது. அதோடு, சிறிதளவு குளோரின் நீரிலேயே தங்கி, குழாய்ப் பயணம் முழுவதும் காவலுக்கு வருகிறது. சில நாள்களில் குழாயைத் திறந்ததும் லேசான வாடை வருகிறதே, அந்தக் காவலரின் வாடைதான் அது.

தண்ணீர் மேலே ஏறுவது எப்படி?

தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகு எப்படி அது மாடி ஏறுகிறது?

விடை ஜார்ஜ்டவுனின் பழைய கதையில் இருக்கிறது. தீவில் ஆங்கிலேயர் குடியேறிய தொடக்க காலத்தில் நகரத்துக்கு நல்ல தண்ணீர் மாட்டு வண்டியில் வந்தது. பர்மா சாலையைச் சீனர்கள் இன்றும் ‘தண்ணீர் வண்டிச் சாலை’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இப்போது தாவரவியல் பூங்கா உள்ள மலையருவியிலிருந்து நகரத்துக்குச் செங்கல்லால் கால்வாய் கட்டிவிட்டார்கள். 1892-இல் அந்த அருவிக்கு அருகே ஒரு நீர்த்தேக்கம் எழுந்தது. 1929-இல் மவுண்ட் எர்ஸ்கின் குன்றின் மேல் கில்லமார்டு நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள்.

எல்லாம் மேட்டில் இருப்பதைக் கவனித்தீர்களா? மேட்டில் உள்ள நீரின் எடை, கீழே குழாயில் உள்ள நீரை அழுத்துகிறது. அந்த அழுத்தம் நீரை மறுபக்கம் மேலே தள்ளுகிறது. பத்து மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண், ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். பத்தாவது மாடி சுமார் 30 மீட்டர் உயரம். அங்கே நீர் ஏற அதைப்போல் மூன்று மடங்கு அழுத்தம் வேண்டும். அவ்வளவு இல்லாத இடத்தில் கட்டடத்தின் அடியில் உள்ள பம்பு நீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் அது இறங்குகிறது.

இதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. பினாங்கில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் செலவிடும் நீர் 250 லிட்டருக்கும் மேல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆயிரம் லிட்டர். அதாவது ஒரு டன்! ஒரு டன் பொருளை ஒவ்வொரு நாளும் பத்தாவது மாடிக்கு யாரோ தூக்கி வந்து வைக்கிறார்கள். நாம் கதவைத் திறக்கக்கூட வேண்டியதில்லை, குழாயைத் திறந்தால் போதும்.

ஒரே குழாய், பல வீடுகள்

2024 ஜனவரி 10. சுங்கை டுவா நிலையத்தில் கசிந்துகொண்டிருந்த இரண்டு பெரிய வால்வுகளை மாற்ற, பினாங்கு நீர் விநியோக வாரியம் தண்ணீரை நிறுத்தியது. ஒவ்வொரு வால்வின் விட்டமும் 1.2 மீட்டர். ஒரு சிறு பிள்ளை அதற்குள் நிமிர்ந்து நிற்கலாம். அடுத்த நாலு நாளில் ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். வீடுகளில் வாளிகள், பானைகள், குளியல் தொட்டிகள் எல்லாம் நிரம்பி நின்றன. தண்ணீர் லோரிகள் ஓடின.

வேலை முடிந்து நீரைத் திறந்துவிட்ட பிறகும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்துவிடவில்லை. தாழ்வான இடங்களில் முதலில் வந்தது. மேடான இடங்களுக்கும் குழாயின் கடைசியில் உள்ள வட்டாரங்களுக்கும் வந்து சேரக் கூடுதல் நேரம் ஆனது. யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. அது இயற்பியல்.

குழாய்க்குள் ஓடும் நீர் குழாயின் சுவரோடு உராய்கிறது. உராயும்போது அழுத்தத்தை இழக்கிறது. வேகமாக ஓடினால் இழப்பும் அதிகம். வழியில் உள்ள எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால், நீர் வேகமாக ஓடி, கடைசி வீட்டை அடைவதற்குள் அழுத்தம் தீர்ந்துவிடும். கீழ்வீட்டில் தொட்டி வழிந்துகொண்டிருக்கும், மேட்டு வீட்டில் குழாய் காற்றை மட்டும் ஊதும்.

ஆகவே பிள்ளைகளே, தண்ணீர் குறைவாக உள்ள நாளில் நீங்கள் குழாயை மூடினால், அந்தத் தண்ணீர் குழாயிலேயே தங்கி, உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒருவரிடம் போகிறது. அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. உங்களை அவருக்கும் தெரியாது. ஆனாலும் கொடுத்திருக்கிறீர்கள்!

முகம் தெரியாதவருக்கு ஒரு பந்தல்

முகம் தெரியாதவருக்குத் தண்ணீர் கொடுப்பது தமிழர்களுக்குப் பழைய பழக்கம். தஞ்சைப் பக்கம் திங்களூரில் அப்பூதி அடிகள் வாழ்ந்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் தேவாரம் பாடிய திருநாவுக்கரசரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் மேல் அவ்வளவு அன்பு. வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, அதற்குத் திருநாவுக்கரசர் பெயரையே வைத்தார். ஒரு நாள் அந்த வழியே வந்த திருநாவுக்கரசரே தம் பெயருள்ள பந்தலைப் பார்த்து வியந்து, இதை வைத்தவர் யார் என்று விசாரித்தாராம்.

அந்தப் பந்தல் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. தைப்பூசத்தையொட்டி வெள்ளி இரதம் போகும் வழியிலும், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையிலும் எத்தனை பந்தல்கள்! நீர், மோர், சர்பத், சோறு. கொடுப்பவர்களில் தமிழரும் உண்டு, சீனரும் உண்டு. வாங்குபவரிடம் யாரும் ஊர், பேர் கேட்பதில்லை.

ஏன் அங்கே தண்ணீர் அவ்வளவு தேவை? பினாங்கில் தைப்பூசம் மழை குறைந்த, வெயில் கடுமையான காலத்தில் வருகிறது. காவடி தூக்கி நடப்பவரின் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. உடல் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, உடல் குளிர்கிறது. ஆனால் வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. இரண்டையும் திரும்பத் தர வேண்டும். உப்புப் போட்ட மோர் அதைத்தான் செய்கிறது. கோயில் உச்சிக்கு 513 படிகள் ஏறப் போகிறவருக்கு நம் பாட்டிமார் கொடுத்தது நல்ல அறிவியல்.

இன்னும் குழாய் வராத வீடுகள்

உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2025-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பாதுகாப்பான குடிநீர் வீட்டில் கிடைக்காதவர்கள் உலகில் 2.1 பில்லியன் பேர். நாலு பேரில் ஒருவர். பல நாடுகளில் தொலைவிலிருந்து நீர் சுமந்து வருவது பெண்களும் சிறுமிகளும்தான். 20 லிட்டர் குடம் 20 கிலோ. அதைத் தூக்கி நடக்கும் நேரத்தில் அந்தச் சிறுமி பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கலாம்.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம். நம் நாட்டிலேயே கிளந்தானில் பல வீடுகளில் நிலத்தடி நீர்தான் கதி. அங்கே அந்த நீரில் இரும்புச் சத்து அதிகம். மண்ணுக்கு அடியில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரும்பு, வெளியே வந்து காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சந்தித்ததும் செம்பழுப்பாகிறது. வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் மஞ்சளாகிவிடும். வழியும் அறிவியலிலேயே இருக்கிறது: நீரை நன்றாகக் காற்றுப் படவிட்டு, இரும்பைத் துருவாக்கி, மணலில் வடிகட்ட வேண்டும்.

மலைப்பகுதி ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமங்கள் சிலவற்றில், மேலே உள்ள ஓடையில் சிறிய தடுப்புக் கட்டி, குழாய் போட்டு, கீழே தொட்டியில் நிரப்புகிறார்கள். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜ்டவுனுக்கு மலையருவியை இறக்கிக் கொண்டுவந்த அதே முறை. உங்களில் யாராவது பொறியியலாளர் ஆனால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது!

இந்த வாரம் செய்ய வேண்டியவை

மீட்டரைப் படியுங்கள். வீட்டுத் தண்ணீர் மீட்டரில் இன்று காணும் எண்ணையும், அடுத்த வாரம் இதே நாளில் காணும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். வித்தியாசத்தை ஏழாலும், வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒருவரின் ஒரு நாள் செலவு கிடைக்கும். ஒருவரின் அடிப்படைத் தேவைகளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கு எங்கே நிற்கிறது?

கசிவைத் துப்பறியுங்கள். இரவு எல்லாரும் படுக்கப் போகுமுன் மீட்டரைப் பாருங்கள். காலையில் யாரும் தண்ணீரைத் தொடுமுன் மறுபடியும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு, இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் எத்தனை லிட்டர் வீணாகும்? விடை: 86,400-ஐ 20-ஆல் வகுத்தால் 4,320 மில்லிலிட்டர், அதாவது நாலு லிட்டருக்கும் மேல்.

எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். பொரித்த எண்ணெய், பெயிண்ட், பழைய மருந்து எதுவும் கால்வாய்க்குப் போகக் கூடாது. நம் கால்வாய் போய்ச் சேரும் ஆற்றையும் கடலையும் நம்பி மீனவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பந்தல் போடுங்கள். குப்பை லோரி அண்ணன்மார், சாலை கூட்டும் அக்காமார், வெயிலில் பொட்டலம் கொண்டு வருபவர் என்று உங்கள் வாசலுக்கு வருவோர் பலர். கொதிக்க வைத்து ஆறவைத்த நீரை ஒரு ஜாடியில், சுத்தமான குவளைகளோடு, நிழலில் மூடி வையுங்கள். பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். நாளுக்கு ஒருமுறை ஜாடியைக் கழுவிப் புது நீர் நிரப்ப வேண்டும். பந்தலுக்கு யார் பெயரை வைக்கலாம் என்பதையும் யோசியுங்கள். மூடா ஆற்றின் பெயரை வைத்தாலும் தவறில்லை!